மாக்ஸ் எர்ன்ஸ்டின் ‘ராணியுடன் ஆடும் ராஜா’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க்கில் உள்ள மோமா என்ற நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கும் சர்ரியலிச வெண்கலச் சிற்பம் இது. கனவையும் ஆழ்மனதையும் கலைக்குள் கொண்டுவர முயன்ற இயக்கம்தான் சர்ரியலிசம். இதைப் பற்றி ஓவியக் கல்லூரி மாணவர்கள், செஸ் ஆடுகிறவர்கள், வார்ப்பு வேலை பழகுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். செய்முறை பற்றிய பதில்களை வேண்டுமென்றே நீளமாக எழுதியிருக்கிறோம். இது எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்தால் இதன் பொருள் பாதி விளங்கிவிடும்.

இதில் என்னதான் இருக்கிறது?

கொம்பு வைத்த ஒரு ராஜா செஸ் ஆட்ட மேடையிலிருந்து இடுப்புக்கு மேல் எழுந்து நிற்கிறார். அவருக்கு முன்னால் காய்கள் இருக்கின்றன. எல்லாமே கூம்பு, உருளை, உருண்டை என்று மிக எளிய வடிவங்கள். காய்களில் உயரமானது ராணி. ராஜாவின் ஒரு கை ராணியை நோக்கி நீள்கிறது. அது காயை நகர்த்துகிறதா, காக்கிறதா, பிடித்து வைத்துக்கொள்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இன்னொரு கை ஒரு சிறு காயை எதிரில் இருப்பவர் கண்ணில் படாதபடி வைத்திருக்கிறது. முகத்தில் பாவம் என்று எதுவும் இல்லை. அந்த உருவத்தின் மிரட்டல் முழுவதும் கொம்பிலும் தோளிலும் கையிலும்தான் இருக்கிறது.

உயரம் 97.8 செ.மீ. அடிப்பகுதி 47.7 × 52.1 செ.மீ. புகைப்படத்தில் ஆள் உயரம் போலத் தோன்றும். நேரில் பார்த்தால் இடுப்பு உயரம்தான். பலரும் எதிர்பாராதது இது.

சில இடங்களில் 1944 என்றும் சில இடங்களில் 1954 என்றும் போட்டிருக்கிறார்களே?

இரண்டும் சரி. எர்ன்ஸ்ட் 1944இல் இதை பிளாஸ்டரில் செய்தார். அந்த பிளாஸ்டரிலிருந்து மோமாவின் வெண்கலப் பிரதி 1954இல் வார்க்கப்பட்டது. அருங்காட்சியகக் குறிப்புகளில் ‘1944, வார்ப்பு 1954’ என்று இரண்டையும் சேர்த்துப் போடுவது வழக்கம். கட்டுரையில் ஒரு ஆண்டை மட்டும் எழுத வேண்டுமானால் 1944 என்று எழுதுங்கள். கற்பனை பிறந்த ஆண்டு அதுதான். ‘1944இல் வெண்கலத்தில் செய்தார்’ என்று எழுதினால் தவறு.

எர்ன்ஸ்ட் ஓவியர் அல்லவா?

முதலில் ஓவியர்தான். 1891இல் ஜெர்மனியின் கொலோன் நகருக்குப் பக்கத்தில் உள்ள பிரூல் என்ற ஊரில் பிறந்தவர். முதல் உலகப்போரில் படையில் இருந்தார். போர் முடிந்ததும் கொலோனில், மரபுக் கலையைக் கேலி செய்த டாடா இயக்கத்தை நடத்தியவர்களில் ஒருவரானார். 1922இல் பாரிஸுக்குப் போனார். சர்ரியலிசக் குழு உருவானபோது தொடக்கத்திலிருந்தே அதில் இருந்தார். மரப்பலகையின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அதில் தானாக எழும் ரேகைகளிலிருந்து காட்டையும் பறவையையும் எடுக்கும் உத்தி 1925இல் அவர் கண்டது.

அந்த உத்தியை மனதில் வைத்துக்கொண்டால் அவருடைய சிற்பமும் புரியும். தேய்ப்பதில் வடிவத்தை மரம் கொடுக்கிறது. அதில் எது உருவம் என்று தேர்ந்தெடுப்பது மட்டும் ஓவியரின் வேலை. சிற்பத்தில் மரத்தின் இடத்தைப் பாத்திரங்களும் கருவிகளும் எடுத்துக்கொண்டன. 1930களின் நடுவில் சுவிட்சர்லாந்தின் மலோயாவில் சிற்பி ஜாக்கொமெட்டியுடன் தங்கியிருந்தபோது, பனியாறு உருட்டி வழவழப்பாக்கிய கற்களை எடுத்து மேலோட்டமாகச் செதுக்கினார். அதே காலத்தில் வாளிகளை அச்சாக வைத்து வார்த்த வடிவங்களைச் சாய்த்து அடுக்கி ‘ஈடிபஸ்’ சிற்பங்களைச் செய்தார். ஆகவே 1944இல் செய்தது திடீரென்று வந்ததல்ல.

போர்க்காலத்தில் அவர் எப்படி அமெரிக்காவில் இருந்தார்?

1939இல் போர் தொடங்கியதும், பிரான்ஸில் இருந்த ஜெர்மானியர் என்பதால் எதிரி நாட்டவர் என்று முகாமில் அடைக்கப்பட்டார். பிறகு வேரியன் ஃப்ரை என்ற அமெரிக்கரின் மீட்புப் பணியாலும் கலைச் சேகரிப்பாளர் பெக்கி குக்கன்ஹைமின் உதவியாலும் 1941இல் நியூயார்க் வந்து சேர்ந்தார்.

பிளாஸ்டர் மாதிரி எங்கே, எப்படிச் செய்யப்பட்டது?

1944 கோடையில் லாங் ஐலண்டின் கிரேட் ரிவர் என்ற ஊரில். எர்ன்ஸ்ட், ஓவியர் டாரதியா டானிங், கலைக்கூட உரிமையாளர் ஜூலியன் லெவி ஆகியோர் அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். எர்ன்ஸ்ட் கார் கொட்டகையைப் பட்டறையாக்கிக்கொண்டார். அங்கே கிடந்த பழைய கருவிகளையும் சமையலறைச் சாமான்களையும் அச்சாக வைத்து பிளாஸ்டர் ஊற்றினார். காலை உணவு மேசையில் கிடந்த ஒரு கரண்டியை அவர் எடுத்து உற்றுப் பார்த்துவிட்டுக் கொட்டகைக்குக் கொண்டுபோனதை லெவி பதிவு செய்திருக்கிறார். அது ‘பதற்றமான நண்பன்’ என்ற இன்னொரு சிற்பத்தின் வாயானது. ‘மேசை தயார்’, ‘நிலாப் பித்து’ ஆகிய சிற்பங்களும் அதே கோடையில் பிறந்தவை.

ராஜா சிற்பத்தின் காய்களைப் பாருங்கள். அடி பெருத்து நுனி சிறுத்த வடிவங்கள். ஏதாவது ஒரு பாத்திரத்தில் ஊற்றிக் கவிழ்த்தால் பிளாஸ்டர் தானாக வரும் வடிவங்கள் இவை. செதுக்குகிறவர் இவ்வளவு எளிமையை எட்ட நிறையக் கழிக்க வேண்டும். ஊற்றுகிறவருக்கு அது தொடக்கத்திலேயே கிடைக்கிறது. இந்தச் சிற்பத்தின் அழகு பெரும்பாலும் அங்கிருந்து வருகிறது என்றே நினைக்கிறோம்.

அதே முறையை வீட்டிலோ வகுப்பிலோ செய்து பார்க்க முடியுமா?

முடியும், செலவும் குறைவு. ஹார்டுவேர் கடையில் பிஓபி என்று கேட்டால் கிடைக்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போதும். ஒரு ராஜா, ஒரு ராணி, நாலைந்து காய்கள் என்று 30 செ.மீ. உயரத்துக்குள் செய்ய 5 கிலோ வாங்குங்கள்.

முதலில் அச்சுகளைத் தேர்ந்தெடுங்கள். விதி ஒன்றுதான்: வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் இருக்க வேண்டும். டம்ளர், கிண்ணம், புனல், இட்லித் தட்டின் குழி, கரண்டி எல்லாம் சரி. சொம்பும் குடமும் ஆகாது. கழுத்து குறுகலாக இருப்பதால் இறுகிய பிளாஸ்டர் வெளியே வராது. பாத்திரத்தை உடைத்தால்தான் உண்டு. பால், ஜூஸ் வரும் அட்டைப் பெட்டிகள் மிக நல்லவை, கிழித்து எடுத்துவிடலாம். அச்சாகப் பயன்படுத்திய பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.

உட்புறம் முழுக்க வாஸ்லின் மிக மெல்லியதாகத் தடவுங்கள். திட்டுத்திட்டாகத் தடவினால் அந்தத் திட்டு அப்படியே பிளாஸ்டரில் பள்ளமாகப் பதியும்.

கலவைக்கு 1 கிலோ பிளாஸ்டருக்கு 650 மில்லி தண்ணீர். தண்ணீரை முதலில் வாளியில் எடுத்துக்கொண்டு பிளாஸ்டரைக் கையால் அதன் மேல் தூவ வேண்டும். பிளாஸ்டர் மேல் தண்ணீர் ஊற்றினால் உள்ளே உலர்ந்த கட்டிகள் நிற்கும். தூவித் தூவி நடுவில் சிறு திட்டு ஒன்று தண்ணீருக்கு மேலே தெரியும்போது நிறுத்துங்கள். 2 நிமிடம் கலக்காமல் ஊற விடுங்கள். பிறகு கையை அடிவரை விட்டு, மேலே எழுப்பாமல், மெதுவாக ஒரு நிமிடம் கலக்குங்கள். மோர் கடைவது போல வேகமாகக் கலக்கினால் காற்றுக் குமிழிகள் சேரும், இறுகுவதும் சீக்கிரமாகும். பதம் வந்தவுடன் அச்சின் ஓரமாக ஊற்றி, மேசையை அடியிலிருந்து நாலு தட்டுத் தட்டுங்கள்; குமிழிகள் மேலே வந்துவிடும்.

இறுகும்போது பிளாஸ்டர் சுடும். சூடு ஏறி, பிறகு ஆறத் தொடங்கியதும் கவிழ்த்து எடுக்கலாம். பெரும்பாலும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம். இந்தச் சூடு விளையாட்டல்ல. கெட்டியாக ஊற்றிய பிளாஸ்டர் 60 டிகிரி செல்சியஸ் வரை போகும். கையையோ விரலையோ அச்சுக்குள் வைத்து மேலே ஊற்றும் முயற்சியைப் பிள்ளைகள் செய்ய விடாதீர்கள். தீக்காயம் படும், கையையும் இழுக்க முடியாது. தூளை மூச்சில் இழுக்காமல் முகக்கவசம் போடுங்கள். மிச்சக் கலவையைக் கழுவும் தொட்டியில் கொட்டினால் குழாய்க்குள்ளேயே கல்லாகிவிடும். வாளியில் இறுகவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

காய்கள் நன்றாக வருகின்றன. ஆனால் ஒட்டிய இடத்தில் உடைகிறதே?

இதுதான் அதிகம் வரும் புகார். உலர்ந்த பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சும். இரண்டு உலர்ந்த துண்டுகளுக்கு நடுவில் புதுக் கலவையை வைத்தால், இறுகுவதற்குத் தேவையான தண்ணீரை இரண்டு பக்கமும் குடித்துவிடும். நடுவில் இருப்பது மாவாகவே நிற்கும். மறுநாள் தொட்டால் கழன்று விழும்.

ஒட்ட வேண்டிய இரு முகங்களையும் ஆணியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள். துண்டுகளைத் தண்ணீரில் மூழ்க வைத்து, குமிழி வருவது நிற்கும்வரை காத்திருங்கள். பிறகு புதுக் கலவையை இருபுறமும் பூசி அழுத்துங்கள். ராஜாவின் கை, கொம்பு போல வெளியே நீளும் பகுதிகளுக்கு உள்ளே 3 மி.மீ. பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் கம்பி வேண்டும். சாதாரண இரும்புக் கம்பி துருப்பிடித்துச் சில வாரங்களில் பழுப்புக் கறையாக வெளியே வரும்.

பிளாஸ்டர் இறுகவே இல்லை என்றால் மூட்டை பழசு. ஈரக்காற்றை உறிஞ்சிக் கெட்டிருக்கும். இறுகியும் சுண்ணாம்புக் கட்டி போல உதிர்கிறது என்றால் தண்ணீர் அதிகம். இறுகத் தொடங்கிய கலவையில் மேலும் தண்ணீர் விட்டு இளக்குவதும் இதே கேட்டைத் தரும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

ராஜாவுக்கு ஏன் கொம்பு?

கொம்பைப் பார்த்ததும் ஐரோப்பியப் பார்வையாளருக்கு மினோட்டார் நினைவு வரும்: மனித உடலும் காளைத் தலையுமாகக் கிரேக்கக் கதையில் வரும் உருவம். சர்ரியலிஸ்ட்டுகளுக்கு அது மிகப் பிடித்த உருவம். 1933 முதல் 1939 வரை பாரிஸில் ‘மினோட்டார்’ என்ற பெயரிலேயே அவர்களுடைய இதழ் வந்தது. அறிவின் கட்டுக்குள் அடங்காத ஆசைக்கு அது அடையாளம். சாத்தான் என்று பார்ப்பவர்களும் உண்டு. கிரீடத்தின் இடத்தில் கொம்பு வந்திருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும். ஆட்சியின் அடையாளம் இருக்க வேண்டிய இடத்தில் விலங்கின் அடையாளம் இருக்கிறது.

இதில் சர்ரியலிசம் எங்கே இருக்கிறது? கொம்பு வைத்த உருவம் எல்லாப் பண்பாட்டிலும் உண்டே?

சரியான கேள்வி. கொம்பினால் மட்டும் இது சர்ரியலிசம் ஆவதில்லை. செஸ்ஸில் ராஜா ஒரு காய். அதை யாரோ நகர்த்துவார்கள். இங்கே அந்தக் காயே ஆட்டக்காரர் ஆகிவிட்டது. தன் பக்கத்து ராணியைத் தானே கையாள்கிறது. அதே நேரம் அது மேடையைவிட்டு விலகவும் இல்லை; உடம்பு மேடையிலிருந்துதான் எழுகிறது. அப்படியானால் இந்த ராஜாவை நகர்த்துவது யார்? கனவில் நாமே பார்ப்பவராகவும் பார்க்கப்படுபவராகவும் இருப்போமே, அந்தத் தருக்கம்தான் இது. சர்ரியலிஸ்ட்டுகள் தேடியது அதைத்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். செஸ் விதிப்படி ராணிதான் பலசாலி: நேராக, குறுக்காக எவ்வளவு தூரமும் போகலாம். ராஜா ஒரு கட்டம்தான். பலமில்லாதவர் பலசாலியைக் கைக்குள் வைத்திருக்கிறார். செஸ் தெரிந்தவர்களுக்கு இந்தச் சிற்பம் கூடுதலாக உறுத்துவது இதனால்தான்.

அந்த ராணி டாரதியா டானிங்கா?

அப்படி ஒரே வரியில் சமன் போடாதீர்கள். பின்னணி உண்மை. 1942 இறுதியில், 1943 ஜனவரியில் பெக்கி குக்கன்ஹைமின் கலைக்கூடத்தில் நடக்கவிருந்த 31 பெண் கலைஞர்களின் கண்காட்சிக்காக ஓவியம் தேர்வு செய்ய எர்ன்ஸ்ட் டானிங்கின் பட்டறைக்குப் போனார். அப்போது எர்ன்ஸ்ட் குக்கன்ஹைமின் கணவர். எர்ன்ஸ்டும் டானிங்கும் செஸ் ஆடத் தொடங்கினார்கள். பிறகு சேர்ந்து வாழ்ந்தார்கள். 1946இல் கலிஃபோர்னியாவில், கலைஞர் மேன் ரே தம்பதியுடன் ஒரே மேடையில் இரட்டைத் திருமணம்.

ஆனால் டானிங் கைக்குள் அடங்கிய காய் அல்ல. அதே 1944இல் அவர் வரைந்த ‘எண்ட்கேம்’ ஓவியத்தில் வெள்ளை சாட்டின் குதிகால் செருப்பு ஒன்று செஸ் பலகையில் பிஷப்பின் தொப்பியை மிதித்து நசுக்குகிறது. அந்தச் செருப்புதான் ராணி. சிற்பத்தைப் பற்றி வகுப்பில் பேசும்போது இந்த ஓவியத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ஒரே வீடு, ஒரே ஆட்டம், ராணியைப் பற்றி இரண்டு வேறு பார்வை. எர்ன்ஸ்டின் சிற்பத்தைத் தனியாகப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ நல்ல பாடம்.

அந்தக் காலத்தில் எல்லோரும் செஸ் பற்றியே செய்தார்களா?

அந்த வட்டத்தில் ஏறக்குறைய அப்படித்தான். பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டுஷாம்ப் ஓவியத்தைக் குறைத்துக்கொண்டு செஸ்ஸுக்கே நேரம் கொடுத்தவர். 1944 டிசம்பரில் ஜூலியன் லெவி தன் கலைக்கூடத்தில் செஸ்ஸை மையமாக வைத்து ஒரு கண்காட்சி நடத்தினார். எர்ன்ஸ்ட் மரத்தில் செய்த செஸ் காய்களும் அதில் இருந்தன. 1945 ஜனவரி 6 அன்று அங்கேயே செஸ் வல்லுநர் ஜார்ஜ் கோல்டனோவ்ஸ்கி பலகையைப் பார்க்காமல் ஒரே நேரத்தில் 7 பேருடன் ஆடினார். எதிரே ஆடியவர்களில் எர்ன்ஸ்ட், டானிங், லெவி மூவரும் உண்டு. நகர்வுகளை அறிவித்தவர் டுஷாம்ப்.

பிளாஸ்டர் எப்படி வெண்கலமாகிறது?

சிற்ப வார்ப்பில் இரண்டு வழிகள் உண்டு: மணல் வார்ப்பு, மெழுகு வார்ப்பு. முதலாவதில் மாதிரியைச் சுற்றி நுண்மணலைத் துண்டுதுண்டாக இடித்து அச்செடுப்பார்கள். இரண்டாவதை விளக்கினால் புரிந்துகொள்வது எளிது.

பிளாஸ்டர் மாதிரியின் மேல் நெகிழும் அச்சு எடுக்கிறார்கள். இன்று பெரும்பாலும் சிலிகான் ரப்பர், அன்று ஜெலட்டின். அதனுள் உருகிய மெழுகை 4 முதல் 6 மி.மீ. கனத்துக்குப் பூசுகிறார்கள். உள்ளே இருக்கும் வெற்றிடத்தைத் தீயைத் தாங்கும் கலவையால் நிரப்புகிறார்கள், இதுதான் கரு. உலோகம் போக ஊற்றுக்குழாய்களும் காற்று வெளியேற மூச்சுக்குழாய்களும் மெழுகுக் குச்சிகளாக ஒட்டப்படும். மொத்தத்துக்கும் வெளிக்கூடு கட்டி, 600 டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டு மெழுகை முழுக்க எரித்துவிட்டு, சுமார் 1,100 டிகிரியில் உருகிய வெண்கலத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் கூட்டை உடைத்து, குழாய்களை அறுத்து, தையல் கோடுகளை உளியால் தட்டிச் சமன் செய்கிறார்கள்.

இந்தச் சிற்பம் போன்ற வடிவத்தில் சிக்கல் வரும் இடங்கள் மூன்று. கொம்பு நுனி: உலோகம் கடைசியாகப் போய்ச் சேரும் இடம், அங்கே காற்று அடைபட்டாலோ உலோகம் குளிர்ந்தாலோ நுனி மொட்டையாக வரும், ஒவ்வொரு நுனிக்கும் தனி மூச்சுக்குழாய் வேண்டும். கை உடம்பில் சேரும் இடம்: கனமான பகுதி மெதுவாக ஆறும்போது மெல்லிய பகுதி ஏற்கெனவே இறுகியிருக்கும், சந்தியில் சுருங்கு குழி விழும், கனமான பக்கத்துக்கு உலோகம் ஊட்டத் தனிக் குழாய் கொடுத்தால் தப்பலாம். மூன்றாவது, கரு நகர்வது: மெழுகு உருகிப் போனபின் கருவைப் பிடித்து நிறுத்துவது குறுக்கே செருகிய உலோக ஊசிகள் மட்டுமே. ஊசி போதாவிட்டால் ஒரு பக்கம் கனம் ஏறும், மறுபக்கம் ஓட்டை விழும்.

முழுக்கக் கெட்டியான வெண்கலமா?

இந்த அளவுள்ள நவீனச் சிற்பங்கள் உள்ளே குடைவாகவே வார்க்கப்படுகின்றன. நம் சுவாமிமலை உற்சவ மூர்த்திகள் கெட்டியாக வார்க்கப்படுவதால் பலருக்கும் இந்தச் சந்தேகம் வருகிறது. எடையைத் தோராயமாகக் கணக்கிட ஒரு வழி: 1 சதுர மீட்டர் மேற்பரப்பு, 5 மி.மீ. கனம் என்றால் சுமார் 44 கிலோ. கலவையில் செம்பு பெரும்பாலும் 85 முதல் 90 சதவீதம். மீதி வெள்ளீயமும் துத்தநாகமும்.

வெண்கலம் பளபளவென்று பொன்னிறமாக இருக்க வேண்டாமா? ஏன் கறுப்பாக இருக்கிறது?

வார்த்த உடனே பொன்னிறம்தான். அந்த நிறத்தை விட்டுவிட்டால் ஒவ்வொரு வடிவத்தின் மீதும் வெளிச்சம் தெறித்து உருவம் சிதறும். அதனால் உலோகத்தைத் தீச்சுடரால் சூடாக்கி வேதிக் கரைசலைத் தூரிகையால் பூசுகிறார்கள். கந்தகச் சேர்மங்கள் பழுப்பும் கறுப்பும் தரும். இரும்பு நைட்ரேட் செம்பழுப்பு. செம்பு நைட்ரேட் பச்சை. சூடு குறைந்தால் கரைசல் வழிந்து கோடு விழும், கூடினால் படியாமல் பொரிந்து தெறிக்கும். நிறம் நின்றதும் மேலே மெழுகு பூசுவார்கள். இந்த மேல்நிறம் சிற்பத்தின் பகுதி, அழுக்கல்ல.

வீட்டில் ஒரு வெண்கலச் சிற்பம் இருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டாம், தயவுசெய்து. குத்துவிளக்குக்குப் புளி சரி. நிறமேற்றிய சிற்பத்தில் புளியின் அமிலம் அந்த நிறத்தையே கரைத்துவிடும்; திரும்பக் கொண்டுவருவது பட்டறை வேலை. எலுமிச்சை, பித்தளை பாலிஷ், பல்பொடி எல்லாவற்றுக்கும் இதே பதில். மென்மையான உலர்ந்த பிரஷால் தூசி தட்டினால் போதும். வெறும் கையால் அடிக்கடி தொடாதீர்கள்: வியர்வையின் உப்பு விரல் ரேகையை உலோகத்தில் நிரந்தரமாகப் பதித்துவிடும்.

கவலைப்பட வேண்டிய அறிகுறி ஒன்று உண்டு: வெளிர்பச்சை நிறத்தில், தொட்டால் பொடியாக உதிரும் புள்ளிகள். குளோரைடு உப்பு உலோகத்துக்குள் புகுந்து, ஈரமும் காற்றும் சேர்ந்து, அரிப்பு தன்னைத்தானே தொடர்ந்து நடத்திக்கொள்ளும் நிலை அது. சீரான, கெட்டியாகப் படிந்த பச்சை நிறம் வேறு, அது பாதுகாப்பானது. பொடி உதிர்ந்தால் சிற்பத்தைத் தனியாக எடுத்து, ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி சிலிக்கா ஜெல்லுடன் மூடிய பெட்டியில் வைத்துப் பாதுகாப்பு வல்லுநரைப் பாருங்கள். கடலோர ஊர்களில் இது அதிகம்.

மோமாவில் இருப்பது ஒன்றுதான் அசலா?

இல்லை. எர்ன்ஸ்ட் கையால் செய்தது பிளாஸ்டர். அதிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட வெண்கலங்கள் வந்திருக்கின்றன. டல்லஸில் உள்ள நாஷர் சிற்ப மையத்திலும் ஒன்று இருக்கிறது. வார்ப்புச் சிற்பத்தில் கலைஞர் அனுமதித்த ஒவ்வொரு வார்ப்பும் அசலாகவே கணக்கு. இன்றைய பிரெஞ்சு வழக்கப்படி மொத்தம் 12 வரைதான் அசல்: எண்ணிட்டவை 8, கலைஞருக்கு 4.

அனுமதியில்லாத நகல்களைக் கண்டுபிடிக்க அளவு உதவும். வெண்கலம் ஆறும்போது சுமார் 2 சதவீதம் சுருங்கும். பிளாஸ்டரிலிருந்து வராமல், ஒரு வெண்கலத்தின் மேல் அச்செடுத்து வார்த்த நகல் அந்த அளவு சிறுத்தே இருக்கும். 97.8 செ.மீ. சிற்பத்தின் நகல் 96 செ.மீ.க்கு அருகில் வரும். விளிம்புகளும் மழுங்கும். பட்டறை முத்திரையையும் நகலில் அப்படியே அச்செடுத்துவிடலாம் என்பதால் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள்.

மோமாவுக்கு இது எப்படி வந்தது? விலை என்ன இருக்கும்?

கலைச் சேகரிப்பாளர்களான டாமினிக், ஜான் டி மெனில் தம்பதி 1955இல் கொடுத்த நன்கொடை. எர்ன்ஸ்டை அவர்கள் 1930களிலிருந்தே அறிவார்கள்; 1934இல் டாமினிக்கின் உருவப்படத்தை எர்ன்ஸ்ட் வரைந்திருக்கிறார். வார்ப்பு நடந்த 1954இல்தான் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் ஓவியத்துக்கான பெரும் பரிசு எர்ன்ஸ்டுக்குக் கிடைத்தது. இதன் வேறொரு வார்ப்பு 2022 நவம்பரில் கிறிஸ்டீஸின் நியூயார்க் ஏலத்தில் 2.4 கோடி டாலருக்கு மேல் போனது.

நேரில் போனால் எப்படிப் பார்ப்பது?

மோமா மன்ஹாட்டனில் மேற்கு 53ஆவது தெருவில், 5, 6ஆம் அவென்யூக்களுக்கு நடுவில் இருக்கிறது. சேகரிப்பில் இருப்பதெல்லாம் எப்போதும் காட்சியில் இருக்காது. கிளம்புமுன் அவர்களுடைய இணையதளத்தில் சிற்பத்தின் பெயரைத் தேடினால் காட்சியில் உள்ளதா, எந்த அறை என்று தெரியும்.

முதலில் நேர் எதிரில் நில்லுங்கள். அது எதிராளியின் நாற்காலி இருக்க வேண்டிய இடம். பிறகு கொஞ்சம் குனிந்து, கண்ணைக் காய்களின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நின்றபடி பார்த்தபோது பொம்மை போல இருந்த ராஜா இப்போது மலை போல எழுவார். அதன்பின் பக்கவாட்டில் சுற்றி வந்து, மறைத்து வைத்த காயை எங்கிருந்து பார்க்க முடிகிறது, எங்கிருந்து முடியவில்லை என்று கவனியுங்கள். முன்பக்கப் புகைப்படம் ஒன்றை மட்டும் பார்த்து எழுதிய கட்டுரைகளில் இந்தப் பகுதிதான் விடுபட்டுப்போகிறது.

எர்ன்ஸ்டின் வேறு எந்தச் சிற்பத்தை இதனுடன் சேர்த்துப் பார்க்கலாம்?

‘மகரம்’. 1948இல் அரிசோனாவின் செடோனாவில், எர்ன்ஸ்டும் டானிங்கும் கட்டிய வீட்டின் முற்றத்தில் சிமெண்டில் செய்தது. மறுபடியும் கொம்பு வைத்த ராஜா, ஆனால் இம்முறை ராணி பக்கத்தில் சமமாக உட்கார்ந்திருக்கிறார். வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடத்தில் உள்ள வெண்கலம் 1975இல் வார்த்தது. உயரம் சுமார் 2.4 மீட்டர்.

கல்லூரி மலரில் இதன் படத்தைப் போடலாமா?

எர்ன்ஸ்ட் 1976இல் இறந்தார். இந்தியச் சட்டப்படி கலைஞர் இறந்த பின் 60 ஆண்டு காப்புரிமை, அதாவது 2036 முடியும்வரை. இலங்கையிலும் ஐரோப்பிய நாடுகளிலும் 70 ஆண்டு, 2046 முடியும்வரை. விமர்சனத்துக்கும் ஆய்வுக்கும் நியாயமான அளவில் படத்தைப் பயன்படுத்த இந்தியச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் கட்டுரையே இல்லாமல் அட்டைப்படமாகப் போடுவது அதில் சேராது. புகைப்படம் எடுத்தவரின் உரிமை தனி. மோமாவின் படத்தை எடுத்துப் போடாமல், நீங்களோ நண்பரோ நேரில் எடுத்த படத்தையோ, சிற்பத்தைப் பார்த்து வரைந்த கோட்டுப் படத்தையோ கட்டுரையுடன் சேர்த்துப் போடுங்கள். கீழே கலைஞர் பெயர், தலைப்பு, ‘1944, வார்ப்பு 1954’, வெண்கலம், மோமா, நன்கொடையாளர் பெயர் ஆகியவற்றை இந்த வரிசையில் தாருங்கள்.